ஓடும் வீட்டுக் கூரையில் டிஷ் மாஸ்டர்

கொழும்பில் பிழையாகக் கதைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. நானே வாராவாரம் இந்தப் பக்கத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு பிழையைக் கூரையில் ஏறி நின்று, நாலு வீதிக்குக் கேட்கும்படி, வேதவாக்குப் போலச் சொல்லக்கூடியவர் இந்த நகரத்தில் ஒருவர்தான். அவர் கொட்டாஞ்சேனை டிஷ் மாஸ்டர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த எவரையும் நான் சந்தித்ததுமில்லை. கலியாண அழைப்பிதழில்கூட ‘டிஷ் மாஸ்டர் குடும்பத்தினர்’ என்றுதான் எழுதுகிறார்கள். அவரும் குறை நினைக்காமல் போய், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, மண்டபத்துக் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வருவார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் தொலைக்காட்சி டிஷ் நிற்கிற கூரைகளில் பாதிக்கு மேல் அவர் கால் பட்டவைதான்.

மாஸ்டரின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு தொங்கும். அதில் ஒரு திசைகாட்டியும் ஓர் அந்தோனியார் பதக்கமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பது கொட்டாஞ்சேனையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சிக்னலும் தொலைந்துபோகிற பொருள்தானே என்பது மாஸ்டரின் வாதம். “ஒண்டு கைவிட்டா மற்றது பாக்கும், தம்பி” என்பார்.

சிக்னலை அவர் ஒருநாளும் ‘அது’ என்று சொன்னதில்லை. ‘அவர்’தான். “அவர் இண்டைக்குக் கொஞ்சம் கோவம்.” “அவருக்கு இந்த மாமரம் பிடிக்கேல்லை.” இப்படி ஏதோ சம்பந்தி வீட்டுக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைப்பார். கூரையில் ஏறினால் வேலை முடியும்வரை இறங்க மாட்டார். தேநீரை வாளியில் வைத்துக் கயிற்றில் மேலே அனுப்ப வேண்டும். டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே பார்த்து, படத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“வருதா?”

கீழே தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்கிற அப்பாவி, “வருது! வருது! ஐயோ, போச்சு!” என்று கத்த வேண்டும். கத்தல் போதாவிட்டால் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிடும். “கீழ நிக்கிறவர்தான் வேலைக்காரர். நான் சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்” என்பார். இந்த அடக்கத்தைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். வேலை பிழைத்தால் பழி கீழே நின்றவருக்குத்தான்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மொட்டை மாடியில் அவர் பூட்டித் தந்த டிஷ்ஷில் ஒட்டக ஓட்டப் போட்டி காட்டுகிற ஓர் அரபு அலைவரிசை மட்டும் கண்ணாடிபோல வந்தது. மற்றதெல்லாம் புழுதி. நான் முறைப்பாடு செய்தபோது, “தம்பி, அது லேசில கிடைக்காத சனல். சனம் அதுக்குத் தவம் கிடக்குது” என்றார். நானும் நம்பி, மாதக்கணக்கில் ஒட்டகங்களைப் பார்த்தேன். எனக்குப் பிடித்த ஒட்டகம் ஒன்றுகூட இருந்தது. அது தோற்ற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பத்திரிகை எழுத்தாளனுடைய பொது அறிவு எப்படி வளர்கிறது என்பதை வாசகர்கள் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஓடும் வீட்டின் கதைக்கு வருகிறேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் எனக்கும் சொந்தம் உண்டு. வத்தளையில் ஒருவர், ஒரு பழைய பஸ்ஸுக்குள் கட்டிலும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் பூட்டி விற்பனைக்கு வைத்திருந்தார். பார்க்கப் போனேன். திரும்பி வரும்போது அதை ஓட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் ஒழுங்கையில் அது வந்து நின்ற அன்று, நடமாடும் இரத்த வங்கி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறி வந்து கட்டிலில் படுத்துவிட்டார். அவரை எழுப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் மனைவி ரஞ்சனி வாசலில் நின்று பார்த்தாள்.

“வீடு இருக்க, றோட்டில குடியிருக்கப் போறமோ?”

“இலங்கையைச் சுத்திப் பாக்கப் போறம். நீயும் நானும்.”

“என்ர கிளாஸ்?”

ரஞ்சனி கணித ஆசிரியை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற எங்கள் சனத்தின் பிள்ளைகளுக்குத் தினமும் இணையத்தில் பாடம் எடுக்கிறாள். பாடத்தை அவள் தவறவிட்டு நான் கண்டதில்லை. எங்களுடைய கலியாண நாளைத் தவறவிட்டிருக்கிறாள்.

“இஞ்சருங்கோ, கிளாஸ் நிக்காதெண்டா வாறன். ஒரு கிளாஸ் நிண்டாலும், எந்தக் காட்டில நிண்டாலும், பஸ் எடுத்து வீட்ட வந்திடுவன். நீங்கள் உங்கட இரத்த வங்கியில தனியச் சுத்துங்கோ.”

அவள் வராமல் முடியாது. ‘மனைவியும் நானும் நாடு சுற்றப் போகிறோம்’ என்று இதே பக்கத்தில் மார்தட்டி எழுதிவிட்டேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மை வேறு. எங்கள் சொந்தப் பிள்ளைகள் படிக்கப் பிறநாடு போன பிறகு நாங்கள் இருவரும் அந்தத் தொடர்மாடியில் கதைத்ததெல்லாம் ‘காஸ் முடிஞ்சுதோ’, ‘தண்ணி வந்ததோ’ என்பதுதான். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்போல இருந்தோம். அவள் வராவிட்டால் அந்த வண்டி எனக்கு வெறும் தகரம்.

ஆகவே செயற்கைக்கோள் வழியாக வருகிற செய்மதி இணையம் எடுத்தேன். காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் வருமாம். பெட்டியைத் திறந்தால், உள்ளே சப்பட்டையாக ஒரு வெள்ளைத் தட்டு. கூரையில் வானத்தைப் பார்க்க வைத்தால் போதும், செய்மதியைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் என்று கம்பனிக்காரப் பெடியன் தொலைபேசியில் சொன்னான். யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் நான் கலண்டர் மாட்ட ஆணி அடித்து, பக்கத்து வீட்டுக்காரரின் கலியாணப் படத்தை விழுத்தியவன். அதுமட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் கூரையில் ஒன்றைப் பூட்டுவதென்றால் மாஸ்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அவர் சண்டை பிடிக்க மாட்டார். ஒழுங்கை முனையில் வந்து நின்று உங்கள் கூரையைப் பார்த்து ‘த்சொ, த்சொ’ என்பார். அதைத் தாங்கிக்கொண்டு வெள்ளவத்தையில் குடியிருக்க முடியாது.

மாஸ்டர் வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இது என்ன தம்பி, கேக் வைக்கிற தட்டோ? டிஷ் எங்க?”

“இதுதான் மாஸ்டர் டிஷ்.”

“கிண்ணம் இல்லாம மழைத்தண்ணி பிடிப்பினமோ? அவர் வந்து எதுக்குள்ள விழுறது?”

“சும்மா வானத்தைப் பாக்க வைச்சாக் காணுமாம்.”

“வானம் எல்லா இடமும்தான் இருக்கு. எந்த வானம்?”

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு வானம்தான் தெரிந்தது.

மாஸ்டர் பஸ் கூரையில் ஏறித் திசைகாட்டியைக் கையில் எடுத்தார். இரும்புக் கூரையில் திசைகாட்டி என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று வடக்கு கடலுக்குள் இருந்தது. மாஸ்டர் அசரவில்லை. கடலைப் பார்த்துத் தட்டைச் சரித்துப் பிடித்தார். பிறகு திடீரென்று அவர் முகம் இருண்டது.

“தம்பி, இந்த வண்டி ஓடுமோ?”

“ஓடத்தானே மாஸ்டர் வாங்கினது.”

“திரும்புமோ?”

“திரும்பும்.”

“அப்ப அவர் எப்பிடி வருவார்? டிஷ் ஒரு பக்கம் பாக்க வேணும். நீ வண்டியை ஒரு பக்கம் பாத்தபடிதான் ஓட்ட வேணும்.”

“அப்பிடி ஓட்டினாத் தெற்க காலிக்குப் போகலாம். வடக்க யாழ்ப்பாணத்துக்கு எப்பிடிப் போறது?”

மாஸ்டர் யோசித்தார். “ரிவர்ஸில” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு லொறியின் ஸ்டியரிங் சில்லையும் நீளமான இரும்புக் குழாய் ஒன்றையும் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். குழாயைக் கூரையின் காற்றுச் சாளரத்துக்குள்ளால் மேலே விட்டு, அதன் உச்சியில் தட்டைக் கடல் பக்கம் சரித்துப் பூட்டினார். கீழ் முனையில் ஸ்டியரிங்கைப் பூட்டினார். வண்டி இடப்பக்கம் திரும்பினால், உள்ளே நிற்பவர் தட்டை வலப்பக்கம் திருப்ப வேண்டுமாம். குழாய் ஏன் இத்தனை உயரம் என்று கேட்டேன். “உயரம் கூடினா அவருக்குக் கிட்ட” என்றார்.

இப்போது வண்டிக்கு இரண்டு ஸ்டியரிங். முன்னால் ஒன்று, கட்டிலடியில் ஒன்று. ரஞ்சனி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதில உண்மையான டிரைவர் ஆர்?” என்று கேட்டாள். நான் வாய் திறக்க முன்னர் மாஸ்டர் கையை உயர்த்தினார்.

குழாய் நுழைந்த சாளரத்தை இனி மூட முடியாது. அன்று பின்னேரம் கொழும்பு மழை பெய்தது. ஒழுகியது கட்டிலின் என் பாதியில் மட்டும்தான். மழையும் அவள் கட்சி.

நான் கம்பனிப் பெடியன் சொன்னதை இன்னொருக்காச் சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் என் தோளில் கையை வைத்து, “தம்பி, நீ எழுத்துக்காரன். உனக்குக் கற்பனை கூட” என்றார். படித்த மனிதன் என்று ஊர் சொல்கிற நான், அதற்கும் தலையை ஆட்டினேன்.

பரீட்சார்த்த ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். ஓடும் வண்டியில் ரஞ்சனி முழுப் பாடம் எடுத்து முடித்தால் பயணம் உண்டு. நின்றால் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் மாஸ்டரை அவர் வீட்டில் இறக்குவது என்று ஏற்பாடு. நான் முன்னால், ரஞ்சனி மடிக்கணினியோடு நடுவில், மாஸ்டர் தன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கட்டிலடியில்.

வண்டி மரைன் டிரைவில் ஏறியது.

“வருதா?” மாஸ்டரின் குரல், ஒரு முழு வீதிக்கும் போதுமான குரல், ஒரு பஸ்ஸுக்குள்.

“வருது மாஸ்டர். கத்தாதேங்கோ, பிள்ளையளுக்குக் கேக்குது.”

வளைவில் திரும்பினேன்.

“வருதா?”

“போச்சு! ஐயோ, எல்லாப் பிள்ளையளும் போச்சு! இல்லையில்லை, வருது!”

காலிமுகத்திடல் வரும்போது லண்டன் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. மாஸ்டர் “வருதா?” என்றதும், கணினிக்குள்ளிருந்து வகுப்பே சேர்ந்து “வருதூ!” என்று கத்தியது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு பேர் கீழே நின்று அவருக்கு மறுமொழி சொல்வது இதுதான் முதல்தடவை. ஆனால் படம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ரஞ்சனியின் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அது வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போகிற முகம்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகளுக்குள் ஊர்ந்து, வேர்த்து விறுவிறுத்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். அங்கே கோயில் திருநாள். வீதிக்குக் குறுக்கே, கம்பத்துக்குக் கம்பம், கயிற்றில் வர்ணக் கொடிகள் கட்டியிருந்தார்கள். அந்த வீதியில் பிறந்து வளர்ந்த மாஸ்டருக்கு அது நினைவில்லை. எனக்கோ கூரைக்கு மேலே ஒரு குழாய் நிற்பதே நினைவில்லை.

முதல் கயிறு மாட்டியது. எனக்குத் தெரியாது, ஓட்டினேன். இரண்டாவது கயிறும் மாட்டியது. சனம் கத்தியது. எங்களுக்குத்தான் வரவேற்பு என்று நினைத்து நான் கையை அசைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாதி வீதியின் கொடிகளை இழுத்துக்கொண்டு நாங்கள் தேர்போல அசைந்து வர, பொலிஸ்காரர் ஒருவர் நடு வீதியில் வந்து கையை நீட்டினார்.

“மே மொக்கத? பெரஹெரயக்த?” என்றார். இது என்ன, ஊர்வலமா என்று கேட்கிறார்.

நான் என் உடைந்த சிங்களத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்க, மாஸ்டர் பின் கதவால் இறங்கி வந்தார். பொலிஸ்காரரின் முகம் மலர்ந்தது. “ஆ, டிஷ் மஹத்தயா!” என்றார். அவருடைய வீட்டு டிஷ்ஷும் மாஸ்டரின் கைவண்ணமாம். பிறகு என் பக்கம் குனிந்து, மாஸ்டருக்குக் கேட்காமல், மெல்லச் சொன்னார்: “அபே கெதரத் ஒட்டுவோ தமய் என்னே.”

அவர்கள் வீட்டிலும் ஒட்டகம்தான் வருகிறதாம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உலகத்தில் தனியாக இல்லை என்று எனக்கு அன்றுதான் ஆறுதல் வந்தது.

கொடிகளைக் கழற்ற வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். கயிறு இறுகியது. மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம். குழாய் முறிந்து, தட்டு கூரையில் மல்லாக்க விழுந்தது. பயணம் போச்சு. ரஞ்சனியும் போச்சு. இனி ஒட்டகமும் நானும்தான்.

அப்போது உள்ளே இருந்து ரஞ்சனியின் குரல் கேட்டது.

“மாஸ்டர்! வருது! இப்பதான் நல்லா வருது! தொடாதேங்கோ, ஒருத்தரும் ஒண்டையும் தொடாதேங்கோ!”

மல்லாந்து கிடந்த தட்டு, கம்பனிப் பெடியன் சொன்னபடியே, சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லண்டனும் ரொறொன்ரோவும் கண்ணாடிபோல வந்தன. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் கூரையில் ஏறிய மாஸ்டர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, திருநாளுக்கு வந்த சனம் முழுவதையும் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களோ? நான் அப்பவே சொன்னனான், அவர் வருவார் எண்டு.”

ரஞ்சனி சிரிக்கத் தொடங்கினாள். கணினிக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால், கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “சரியப்பா, வாறன்” என்றாள். அவளை அப்படிச் சிரிக்கக் கண்டு எவ்வளவோ காலம். கொடி கழற்றுகிற சாட்டில் வெளியே போய் நின்றேன்.

தட்டை விழுந்த இடத்திலேயே மாஸ்டர் மல்லாக்கப் பூட்டினார். சாளரத்தையும் மூடித் தந்தார். இறங்கும் முன்னர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, அந்தோனியார் பதக்கத்தை எடுத்துத் தட்டின் கீழே கம்பியால் கட்டினார்.

“ஐயோ மாஸ்டர், உங்களுக்கு?”

“எனக்குத் திசைகாட்டி இருக்கு. நான் இஞ்சதானே நிக்கிறன். தொலையப் போறது நீங்கள் ரெண்டு பேரும்.”

இந்தப் பக்கத்தை மன்னார்க் கரையில், வண்டி வாசலில் குந்தியிருந்து எழுதுகிறேன். உள்ளே ரஞ்சனியின் வகுப்பு நடக்கிறது. இதுவரை ஒன்றும் நிற்கவில்லை. எங்கே போய் நின்றாலும், வகுப்பு முடிந்த கையோடு மாஸ்டரின் வீடியோ அழைப்பு வரும். சாப்பிட்டீங்களோ, சுகமோ என்றெல்லாம் கேட்க மாட்டார். திரையில் முதலில் கொட்டாஞ்சேனை வானம் தெரியும், பிறகு கோயில் கோபுரத்தின் ஓரம், பிறகு அவருடைய மூக்கு. மனிதர் தன் வீட்டுக் கூரையில் ஏறி நின்றுதான் அழைப்பார். கீழே முற்றத்திலிருந்து அவருடைய மனைவி கத்துவது கேட்கும்.

“இந்த வயசில கூரையில என்ன வேலை? போனில கீழ நிண்டு கதைச்சா ஆகாதோ?”

“விசர்க் கதை கதையாத. பிள்ளையள் எவ்வளவு தூரத்தில நிக்கினம்? கீழ நிண்டு கேட்டாக் கேக்குமோ?” என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, தொலைபேசியே தேவைப்படாத அந்தக் குரலில் கேட்பார்.

“தம்பி, தங்கச்சி, வருதா?”

ரஞ்சனியும் நானும் ஒரே திரைக்குள் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு கத்துவோம். “நல்லா வருது மாஸ்டர்! மெல்லமாப் பாத்து இறங்குங்கோ!”

ஏணியில் அவர் செருப்பு ஒவ்வொரு படியாக உரசும் சத்தம் கேட்கும். அவர் தரையில் கால் வைக்கும்வரை நாங்கள் இருவரும் அழைப்பைத் துண்டிப்பதில்லை.